பொன்னிற நகரில் ஒரு வாரம்

இரவு உணவு முடிந்து மேசையைத் துடைத்ததும் தந்தை மடிக்கணினியைத் திறந்தார். ஆண்டுதோறும் அவ்வீட்டில் நடக்கும் காட்சிதான் அது. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு மூன்று மாதங்கள் இருக்கும்போதே அவர் பயணத் திட்டத்தைத் தயாரித்துவிடுவார். திரையில் ஏழு நாள்களுக்கு ஏழு பத்திகள் தெரிந்தன. ஒவ்வொரு பத்தியிலும் காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை சிறு சிறு கட்டங்கள். அவற்றுள் ஒன்றுகூடக் காலியாக இல்லை.

"இந்த முறை வட இந்தியா. டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், உதய்ப்பூர், ஜோத்பூர், கடைசியாக ஜெய்சல்மேர். ஏழு நாளில் ஆறு ஊர்!" என்று அவர் பெருமையுடன் அறிவித்தார்.

"ஜெய்சல்மேரில் ஒட்டகம் இருக்குமா, அப்பா?" என்று கேட்டான் தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகன். இரவுப் பணி முடித்து அன்று காலைதான் மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்த தாய், கொட்டாவியை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் துணிகளை மடித்துக்கொண்டிருந்த பாட்டி தலையை நிமிர்த்தாமலே, "நீங்கள் நால்வரும் போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்," என்றார்.

"முழங்கால் வலிக்கிறதா, அம்மா?" என்று தந்தை கேட்டார்.

"அப்படியும் வைத்துக்கொள்ளலாம்," என்றார் பாட்டி.

தந்தை அதை முழங்கால் வலி என்றே எடுத்துக்கொண்டார். மகளுக்கு மட்டும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. எழுபத்திரண்டு வயதிலும் ஈரச்சந்தைக்குத் தனியாகப் போய்வரும் பாட்டி, மூட்டு வலிக்காக ஒரு பயணத்தையே வேண்டாம் என்பாரா?

அன்றிரவு அவள் சென்ற ஆண்டுப் பயணத்தின் படங்களைத் திறந்து பார்த்தாள். ஏழு நாளில் ஐந்து ஊர்களுக்குச் சென்ற பயணம் அது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. அருவிக்கு முன்னால் தம்பி, அரண்மனைக்கு முன்னால் அம்மா, எல்லா இடத்திலும் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் அப்பா. அவற்றுள் நான்கே நான்கு படங்களில்தான் பாட்டி இருந்தார். நான்கிலும் அவர் பேருந்து இருக்கையில் அமர்ந்திருந்தார். ஒரு படத்தில் அவரது முகம் சன்னல் கண்ணாடியில் பாதிதான் தெரிந்தது.

அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. ஒவ்வோர் இடத்திலும் முக்கால் மணி நேரம்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. "நான் இறங்கி நடந்து வருவதற்குள் உங்கள் நேரம் முடிந்துவிடும். நீங்கள் போய்ப் பாருங்கள்," என்று பாட்டி ஒவ்வொரு முறையும் சொன்னார். எல்லாரும் ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்தார்கள்.

மறுநாள் மாலை அவள் ஒன்றும் பேசாமல் அந்த நான்கு படங்களைத் தந்தையிடம் காட்டினாள். கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கும் அவருக்கு ஆண்டில் ஒரு நீண்ட விடுப்புதான் கிடைக்கும். அவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செலவழிக்கும் பணத்திற்கு எல்லாவற்றையும் எல்லாருக்கும் காட்டிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன்," என்றார் மெல்லிய குரலில். பிறகு மடிக்கணினியை மகள் பக்கம் நகர்த்தினார். "இந்த ஆண்டு நீ திட்டமிடு. ஒரே ஒரு நிபந்தனை. பாட்டி வர வேண்டும்."

மகள் முதலில் செய்தது கணக்கு. தந்தையின் பட்டியலில் இருந்த ஊர்களுக்கு இடையிலான தொலைவுகளை அவள் ஒரு தாளில் எழுதிக் கூட்டினாள். டில்லியிலிருந்து ஆக்ரா, அங்கிருந்து ஜெய்ப்பூர், உதய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர் என்று சாலைவழி சென்றால் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் வந்தது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும் 28 மணி நேரம் வண்டியிலேயே கழியும். ஒரு வார விடுமுறையில் ஒரு நாளுக்கும் மேலான நேரம் இருக்கையில் உட்கார்ந்தே தீர்ந்துவிடும். திரும்பி வரும் வழி அதில் சேராது.

"அப்படியென்றால் ஆறு ஊரில் எதை விடுவது?" என்று தந்தை கேட்டார்.

"ஐந்தை விட்டுவிடலாம், அப்பா," என்றாள் அவள்.

அவள் எஞ்ச வைத்த ஊர் ஜெய்சல்மேர். ராஜஸ்தான் மாநிலத்தின் மேற்கே, தார் பாலைவனத்தின் நடுவில் இருக்கும் சிறு நகரம் அது. 1156ஆம் ஆண்டு ராவல் ஜெய்சல் என்னும் அரசர் திரிகூட மலைமீது கோட்டை கட்டி அந்நகரை நிறுவினார். கோட்டையும் வீடுகளும் மஞ்சள் நிற மணற்கல்லால் ஆனவை. மாலை வெயில் படும்போது அக்கல் பொன்போல் மின்னுவதால் மக்கள் அதனைப் பொன்னகரம் என்று அழைக்கிறார்கள். வங்காளத் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் இந்தக் கோட்டையை மையமாக வைத்து ‘சோனார் கெல்லா’ என்னும் படத்தை 1974இல் வெளியிட்டார். அதன் பெயருக்குப் பொற்கோட்டை என்பதே பொருள்.

அவள் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு அழகு மட்டும் காரணமன்று. கோட்டை, ஏரி, பழைய மாளிகைகள், கடைத்தெரு எல்லாம் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருந்தன. ஒரே விடுதியில் ஏழு இரவும் தங்கலாம். பெட்டியை ஒரே முறை பிரித்து, ஒரே முறை அடுக்கினால் போதும். டிசம்பர் மாதத்தில் பகல் வெயிலும் இதமாக இருக்கும்.

தம்பிக்கு மட்டும் ஐயம் தீரவில்லை. "பாலைவனத்தில் மணலைத் தவிர என்ன இருக்கும், அக்கா? ஏழு நாளும் மணலையா பார்ப்பது?"

அவளுக்கும் முதலில் அந்த எண்ணம் இருந்தது. தமிழ் வகுப்பில் ஐந்திணை படித்தபோது, முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வறண்டு தம் இயல்பை இழந்தால் பாலையாகும் என்று ஆசிரியர் விளக்கியிருந்தார். அதனால் பாலை என்றாலே இல்லாமை என்று அவள் மனத்தில் பதிந்திருந்தது. தார் பாலைவனத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க அந்த எண்ணம் மாறியது. உலகப் பாலைவனங்களுள் மக்கள் நெருக்கமாக வாழும் பாலைவனங்களில் அதுவும் ஒன்று. முற்காலத்தில் ஒட்டகங்களில் சரக்கு ஏற்றிச் சென்ற வணிகக் கூட்டங்கள் ஜெய்சல்மேர் வழியாகத்தான் சென்றன. அந்த வணிகத்தில் கிடைத்த செல்வத்தால்தான் ‘ஹவேலி’ என்னும் மாளிகைகள் எழுந்தன. பிற்காலத்தில் பம்பாய் போன்ற துறைமுகங்களுக்குக் கடல்வழி வணிகம் மாறியபோது ஊரின் செல்வாக்கும் குறைந்தது.

இன்னொரு செய்தியை அவள் பாட்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அங்கு ‘கேஜ்ரி’ என்று ஒரு மரம் இருக்கிறது. அது வறட்சியைத் தாங்கி நிற்கும். இலை கால்நடைக்குத் தீவனம். காய் மனிதருக்கு உணவு. ராஜஸ்தானின் மாநில மரமும் அதுவே. "அதற்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா, பாட்டி? வன்னி மரம்!"

துணி மடிக்கும் கை நின்றது. "கோயில்களில் தல மரமாக வைத்து வணங்குவார்களே, அந்த வன்னியா?"

"அதேதான். அதன் காய்களைக் காயவைத்து, ‘கேர்’ என்னும் சிறு காய்களோடு சேர்த்துச் சமைப்பார்களாம். அந்தக் கறிக்குக் ‘கேர் சாங்ரி’ என்று பெயர்."

"வன்னிக் காயைச் சமைப்பார்களா? இத்தனை வயதாகியும் எனக்கு இது தெரியாதே," என்றார் பாட்டி. வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆயினும் அன்றுதான் அவர் முதன்முறையாக அந்த ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் எல்லாரிடமும் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தாள். "இந்தப் பயணத்தில் உங்களுக்குக் கட்டாயம் வேண்டிய ஒன்றை மட்டும் எழுதுங்கள். இரண்டு எழுதினால் செல்லாது."

தம்பி ‘ஒட்டகம்’ என்று பெரிய எழுத்தில் எழுதினான். தந்தை நெடுநேரம் யோசித்து, ‘கோட்டைமீது சூரியன் மறைவதைப் படம் எடுக்க வேண்டும்’ என்று எழுதினார். தாய் உடனே எழுதிவிட்டார்: ‘அலாரம் இல்லாத தூக்கம்.’ மகள் அப்பகுதியின் மங்கணியார் இசைக் கலைஞர்களைப் பற்றிப் படித்திருந்தாள். தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் அவர்கள் ‘கமாய்ச்சா’ என்னும் நரம்புக் கருவியை வில்லால் இசைப்பவர்கள். அதனை நேரில் கேட்க வேண்டும் என்று அவள் எழுதினாள்.

பாட்டியின் தாள் வெறுமையாக இருந்தது.

"எழுதுங்கள், அத்தை. நீங்கள் வராவிட்டால் நானும் வரவில்லை," என்றார் தாய்.

பாட்டி சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கினார். ‘உட்காரக் கொஞ்சம் நிழல்’ என்று எழுதிக் கொடுத்தார். தந்தை அதைப் படித்துவிட்டுத் தாளை மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தங்குமிடத்தைத் தேடியபோதுதான் பெரிய சிக்கல் எழுந்தது. தந்தை ஒரு விடுதியைக் கண்டுபிடித்துவிட்டு எல்லாரையும் அழைத்தார். அது கோட்டைக்குள்ளேயே இருந்தது. அறையின் சன்னல் மதிலுக்கு வெளியே நீண்டு நின்றது. அதில் அமர்ந்தால் பாலைவனம் தொடுவானம் வரை தெரியும். விலையும் கட்டுப்படியாக இருந்தது.

"எண்ணூறு ஆண்டுக்கும் மேலான கோட்டைக்குள் தூங்கலாம்!" என்று தம்பி துள்ளினான். தாய்க்கும் பிடித்திருந்தது. தந்தை பதிவு செய்யப் போனார்.

"கொஞ்சம் பொறுங்கள், அப்பா," என்றாள் மகள்.

அந்தக் கோட்டையைப் பற்றி அவள் முந்திய நாள் இரவு படித்திருந்தாள். இந்தியாவின் பல கோட்டைகளில் இன்று யாரும் வாழ்வதில்லை. ஜெய்சல்மேர்க் கோட்டைக்குள்ளோ வீடுகளும் கடைகளும் கோயில்களும் இருக்கின்றன. ஆயிரக்கணக்கானோர் இன்றும் வாழ்கிறார்கள். 2013ஆம் ஆண்டு யுனெஸ்கோ, ராஜஸ்தானின் வேறு ஐந்து மலைக்கோட்டைகளுடன் சேர்த்து அதனையும் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெறச் செய்தது. அதற்கு முன்பே, 1996இல், உலக நினைவுச்சின்ன நிதியம் என்னும் அமைப்பு வெளியிட்ட, ஆபத்தில் இருக்கும் சின்னங்களின் பட்டியலிலும் அதன் பெயர் இருந்தது.

ஆபத்து பகைவரால் வரவில்லை, தண்ணீரால் வந்தது. மழை அரிதாகப் பெய்யும் நிலத்தில், தண்ணீரைக் கீழிருந்து குடத்தில் சுமந்து மேலே கொண்டுசென்ற காலத்தில் கட்டப்பட்ட கோட்டை அது. ஒரு வீட்டில் சில குடம் தண்ணீர்தான் புழங்கும். பின்னர்க் குழாய் வந்தது, கழிப்பறைகள் வந்தன, விடுதிகள் பெருகின. பழைய வடிகால்களால் அவ்வளவு கழிவுநீரைத் தாங்க முடியவில்லை. தண்ணீர் மண்ணுக்குள் கசிந்தது. கோட்டை நிற்கும் குன்றோ உறுதியற்ற பாறையும் களிமண்ணும் கலந்தது. ஈரம் ஏறியதும் அடித்தளம் இளகியது. 99 கொத்தளங்களைக் கொண்ட அக்கோட்டையில் சில பகுதிகள் இடிந்தே விழுந்தன. வடிகால்களைச் சீரமைக்கும் பணிகள் நடந்தாலும், கோட்டைக்குள் தங்க வேண்டாம் என்று பாதுகாப்பு ஆர்வலர்கள் பயணிகளைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

அவள் சொல்லி முடித்ததும் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

"நாம் ஐந்து பேர் ஒரு வாரம் குளித்தால் கோட்டை இடிந்துவிடுமா?" என்று தம்பி கேட்டான். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவனுக்கு அந்தச் சன்னலின்மேல் அவ்வளவு ஆசை.

பதில் கூடத்திலிருந்து வந்தது. "எனக்கு அப்போது பதினொரு வயது," என்றபடி பாட்டி எழுந்து வந்து மேசையருகே அமர்ந்தார்.

அது 1963ஆம் ஆண்டு. மழை பொய்த்ததால் அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஏறத்தாழப் பத்து மாதம் சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. பாட்டியின் குடும்பம் அப்போது கம்பத்தில் இருந்தது. வீட்டில் குழாய் கிடையாது. பொதுக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்து வாளியுடன் வரிசையில் நிற்க வேண்டும். பள்ளிக்குப் போகுமுன் நிற்பது அவருடைய பொறுப்பு.

"ஒருநாள் என் முறை வந்தபோது என்னிடம் இரண்டு வாளி இருந்தன. பக்கத்து வீட்டு அக்கா இரவல் கொடுத்தது ஒன்று. ஒரு வாளிதானே கூடுதல் என்று இரண்டையும் நிரப்பிக்கொண்டேன். எனக்கு முன்னால் நின்றவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வரிசையின் கடைசியில் ஒரு மலாய்க்காரப் பாட்டி நின்றார். அவர் முறை வரும்போது குழாய் நின்றுவிட்டது. அவர் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். என் அம்மா என்னைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது வாளியை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன்."

பாட்டி பேரனின் தலையைத் தடவினார். "கோட்டை நம்மால் இடியாது, ஐயா. ஆனால் ‘நம்மால் என்ன ஆகிவிடும்’ என்று நினைக்கும் வரிசையில் நாமும் நிற்போம்."

தந்தை கேட்டார்: "அங்கே விடுதி நடத்துகிறவர்களும் குடும்பம் உள்ளவர்கள்தானே? யாரும் போகாவிட்டால் அவர்கள் பிழைப்பு?"

நியாயமான கேள்விதான். அதற்கு எளிய விடை இல்லை என்பது மகளுக்கும் தெரிந்தது. அவளும் தாயும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரவு தங்குவது, குளிப்பது, துவைப்பது எல்லாம் கோட்டைக்கு வெளியே, அடிவாரத்தில் உள்ள ஒரு விடுதியில் வைத்துக்கொள்ளலாம். கோட்டைக்குள் போகும் நாளில் அங்கு வசிக்கும் ஒருவரையே வழிகாட்டியாக அமர்த்திக்கொள்ளலாம். உணவும் நினைவுப் பொருள்களும் அங்குள்ள கடைகளிலேயே வாங்கலாம்.

"உள்ளேயிருந்து பார்த்தால் கோட்டை தெரியாதே, அப்பா," என்றாள் மகள். "கீழே மாடியில் அமர்ந்தால்தான் அது மாலை வெயிலில் பொன்னாக மாறுவது முழுமையாகத் தெரியும். உங்கள் படம் அங்கிருந்துதான் நன்றாக வரும்."

தந்தை சிரித்துவிட்டார். தம்பி மட்டும் அன்று மாலை முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

அதன்பின் மகள் கட்டங்களை அமைக்கத் தொடங்கினாள். ஒரு நாளுக்கு இரண்டு கட்டங்கள் மட்டும் வைத்தாள்: ஒன்று காலை, ஒன்று மாலை. நடுப்பகல் ஓய்வுக்கு. இரண்டில் ஒன்றைத்தான் நிரப்ப வேண்டும் என்பது அவள் விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் செய்வதற்குக் கடினமாக இருந்தது. பாலைவனத்தில் கைவிடப்பட்ட குல்தாரா கிராமத்தைப் பார்க்க அவளுக்கே ஆசை. கானமயில் என்னும் அரிய பறவை வாழும் பாலைவனத் தேசியப் பூங்காவை விட்டுவிடவும் மனமில்லை. இரண்டையும் மூன்று முறை சேர்த்து மூன்று முறை அழித்தாள். தந்தை ஒவ்வோர் ஆண்டும் ஏன் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

போகும் வழியிலும் அவசரம் வைக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து டில்லிக்கு ஏறத்தாழ ஆறு மணி நேர விமானப் பயணம். அங்கிருந்து ஜோத்பூருக்கு இன்னொரு விமானம். அன்றிரவு ஜோத்பூரில் தங்கல். மறுநாள் ஜெய்சல்மேருக்கு ரயில். கார் வசதிதான் என்றாலும் ரயிலில் பாட்டி எழுந்து நடந்து காலை நீட்டிக்கொள்ளலாம். நினைத்தபோது கழிப்பறைக்குச் செல்லலாம். பச்சை குறைந்து மணல் பெருகுவதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

முதல் நாள் ஊர் சேர்ந்ததும் ஒன்றும் கிடையாது. மாலையில் விடுதி மாடியில் தேநீர். தந்தையின் சூரிய அஸ்தமனம்.

இரண்டாம் நாள் காலை கோட்டை. மேலே போகும் வழி நான்கு வாயில்களைக் கடந்து ஏறும் கல் பாவிய சரிவு. ஒவ்வொரு வாயிலிலும் நின்று, அமர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறலாம். பாட்டிக்குப் போதும் என்று தோன்றினால் அங்கேயே எல்லாரும் அமர்ந்துவிடுவார்கள். ஒருவரைக் கீழே விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே போவதில்லை. இதனை மகள் திட்டத்திலேயே எழுதி, அடிக்கோடும் இட்டாள்.

மூன்றாம் நாள் விடியற்காலை காடிசர் ஏரி. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த ஏரி மழைநீரைச் சேமிப்பதற்காக உருவாக்கப்பட்டது. பல நூற்றாண்டுகள் நகரத்தின் தாகத்தைத் தீர்த்தது. கரையில் படித்துறைகளும் மண்டபங்களும் உண்டு. மண்டபங்களில் நிழலும் உண்டு. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும்.

ஐந்தாம் நாள் பட்வா குடும்பத்தின் மாளிகைகள். 19ஆம் நூற்றாண்டில் ஒரு வணிகர் தம் ஐந்து மகன்களுக்காகக் கட்டிய ஐந்து வீடுகள் அவை. கல்லில் செதுக்கிய சன்னல்களைக் கண்டால் மரவேலை என்றே தோன்றும். அன்று மாலை மங்கணியார் இசை.

ஆறாம் நாள் பிற்பகல் மணல்மேடுகள். பேருந்துகள் குவியும் இடத்தைத் தவிர்த்து, தென்மேற்கே குரி என்னும் கிராமத்தை அவள் தேர்ந்தெடுத்தாள். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் நிமிர்த்தும். மேலே இருப்பவர் முன்பக்கமாகச் சரிவார். அதனால் தம்பிக்கு ஒட்டகச் சவாரி. பாட்டிக்கு ஒட்டகம் இழுக்கும் வண்டி கிடைக்குமா என்று விடுதிக்குக் கடிதம் எழுதிக் கேட்டாள். கிடைக்கும் என்று பதில் வந்தது.

ஏழாம் நாளுக்கு எதிரே ‘மீண்டும்’ என்று மட்டும் எழுதினாள். யாருக்கு எந்த இடம் மிகவும் பிடித்ததோ அந்த இடத்திற்கு இன்னொரு முறை போய் வரலாம்.

நான்காம் நாளின் இரண்டு கட்டங்களையும் அவள் தொடவே இல்லை.

பெட்டியில் வைக்க வேண்டியவற்றுக்கும் ஒரு பட்டியல் தயாரானது. சிங்கப்பூரில் இரவிலும் வியர்க்கும். அங்கே டிசம்பர் இரவில் பத்துப் பாகை செல்சியஸுக்கும் கீழே போகலாம். ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாக அணியக்கூடிய ஆடைகள், சால்வை, காலுறை. வறண்ட காற்றுக்கு உதட்டுக் களிம்பு. பிளாஸ்டிக் போத்தல்களைக் குறைப்பதற்காக ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. பாட்டிக்கு மடக்கு நாற்காலி ஒன்று. அதைத் தந்தையே சேர்த்திருந்தார்.

திட்டத்தை அச்சிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். இரண்டு நாள் கழித்து, காலையில் பால் எடுக்க வந்த பாட்டி மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு அதனைப் படித்துக்கொண்டிருந்தார்.

"நான்காம் நாளை மறந்துவிட்டாயா, கண்ணு? ஒன்றுமே எழுதவில்லையே."

"மறக்கவில்லை, பாட்டி. அம்மா அன்று பத்து மணிவரை தூங்கப் போகிறார்கள். தம்பி மாடியில் பட்டம் விடப் போகிறானாம். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதவில்லை. உங்களுக்கே தோன்றும்."

பாட்டி அந்தக் காலிக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஏரிக்கரை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கலாம் இல்லையா? எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்?"

"எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், பாட்டி."

"அத்தனை பேருக்குத் தண்ணீர் கொடுத்த ஏரியை முக்கால் மணி நேரத்தில் பார்க்க முடியாது," என்று சொல்லிவிட்டுப் பாட்டி பாலை எடுத்துக்கொண்டு அடுப்பருகே சென்றார்.

வருகிறேன் என்று அவர் அப்போதும் சொல்லவில்லை. மகளும் கேட்கவில்லை. பயணச்சீட்டு வாங்க இன்னும் நான்கு நாள்களே இருந்தன.

சனிக்கிழமை காலை தந்தை துணி காயவைக்கச் சமையலறைச் சன்னலைத் திறந்தார். மூங்கில் கழிகளில் ஒன்று ஏற்கெனவே வெளியே நீட்டப்பட்டிருந்தது. அதில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்குப் பக்கத்தில் பழுப்பு நிறக் கம்பளிச் சால்வை ஒன்று வெயிலில் தொங்கியது. பல ஆண்டுகளாக அலமாரியின் அடித்தட்டில் கிடந்த சால்வை அது. பாச்சை உருண்டையின் வாசம் காற்றில் இலேசாக வந்தது.

அவர் சற்று நேரம் அதனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கூடத்திற்குப் போய் மடிக்கணினியைத் திறந்து ஐந்து பயணச்சீட்டுகளைப் பதிவு செய்தார்.